ஏற்றிய கை இறக்க வேண்டும்

காதர் மைதீன் காக்கா காலமான செய்தி வந்தபோது நான் பாம்பன் ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். முனியசாமி காலைச் சாய்த்துச் சாய்த்துத் தண்டவாளத்தைக் கடந்து வருவது தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் எங்கள் சரக்குக் கிடங்கான கிட்டங்கியில் உட்கார்ந்து சாக்கு வாய் தைத்துக்கொண்டிருக்க வேண்டியவர். வந்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?" என்றேன்.

"காக்கா மவுத்தாயிட்டாக. விடியத் தொழுதுட்டு வந்து செத்த நேரம் படுக்குறேன்னு படுத்தாகளாம். எந்திரிக்கவே இல்லை."

நான் ரசீதை எழுதி முடித்தேன். அனுப்புபவர், பெறுபவர், சரக்கின் பெயர், சேருமிடம், ஒன்றிலும் பிழையில்லை. மை காய வாயால் ஊதினேன். முத்திரை வாங்கினேன். முனியசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் கல்லா மண்ணா என்று நினைத்திருப்பார். நினைத்திருந்தால் தப்பில்லை. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நெடுநேரம் தலைக்கு வைத்துப் படுத்த கை மரத்துப்போய், தொட்டால் அடுத்தவர் கை மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது.

நாற்பதாம் நாள் கூட்டத்தில் படிக்கவும் அச்சடித்துக் கொடுக்கவும் காக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கிட்டங்கித் தொழிலாளர் சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "யோக்கியதைய யாரு கேட்டா? ஒங்க கையெழுத்துத்தான் அச்சாபீஸ்காரருக்குப் புரியும்" என்றார் முனியசாமி. அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். படிக்கிறவர்கள் கூட்டத்தில் முகம் சுளித்தால் அது என் பொறுப்பல்ல.

காக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காக்கா என்றால் இந்தக் கரையில் அண்ணன். அவர் தொண்டிப் பக்கம் பிறந்தவர். இருபது வருஷம் போல இலங்கைக்குப் போகும் தோணிகளில் ஆளாக இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு அந்தப் பத்திரம் இந்தப் பத்திரம் என்று ஆகித் தோணிப் போக்குவரத்துக் குறைந்தது. அவர் இருந்த தோணியை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். காக்கா பாம்பனுக்கு வந்து எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். வாலிநோக்கத்து உப்பும் திருப்பாலைக்குடிக் கருவாடும் உள்நாட்டு மிளகாயும் அங்கே வந்து அடையும். அங்கிருந்து ரயிலேறும். உப்பு மேற்கே போகும், கருவாடும் மிளகாயும் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறும்.

நான் அந்தக் கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை. திருவாடானைப் பக்கத்து ஆள், கொஞ்சம் முன்கோபி. கூட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். காக்கா வேலைக்கு வந்த முதல் நாள், நான் குடை பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, "மழையே பெய்யாத ஊருல கொடையோட வாரீகளே கணக்கப்பிள்ளை, வேகாத வெயிலுல கருவாட்டுக்கா பிடிக்கப் போறீக?" என்று கேட்டார். மூட்டை தூக்கும் ஆட்கள் முப்பது பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை நான் லேசில் மன்னிப்பதில்லை. ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே வந்து, "கொடை எங்க காணோம்? கோவிச்சுக்கிட்டு வீட்டுலயே இருந்துருச்சா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்யாத நாளே கிடையாது.

எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் முறையைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. உப்பு மூட்டையை ஓர் ஆள் தானே தூக்கித் தன் முதுகில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து வேலை செய்வார்கள். சுமக்கிறவர் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். மற்ற இருவரும் மூட்டையைத் தூக்கி அவர் முதுகில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டு அவருக்கு முன்னே ஓடிப்போய், இறக்க வேண்டிய இடத்தில் காத்திருந்து, அவர்களே வாங்கி இறக்குவார்கள். அடுத்த நடைக்கு முறை மாறும். வேறு ஆட்கள் இறக்கக் கூடாது. ஈர உப்பு ஒரு பக்கமாகத் தங்கிக் கனக்கும். எந்தப் பக்கம் பாரம் என்று ஏற்றிய கைக்குத்தான் தெரியும். தெரியாதவர் கை வைத்தால் மூட்டை புரண்டு சுமக்கிறவரின் கழுத்தைத் திருகிவிடும். காக்கா புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதலில் சொன்னது இதைத்தான். "ஏத்துன கைதான் எறக்கணும். நடுவுல எவன் கூப்புட்டாலும் போயிரக் கூடாது. ஒன்னைய நம்பி ஒருத்தன் அடியில இருக்கான்ல?"

முனியசாமிக்குக் கால் போனது ஐப்பசி மழை நேரத்தில். வரப்போகும் சரக்குக்கு இடம் வேண்டும் என்று, அடுக்கியிருந்த மூட்டை அட்டியின் மேல் இன்னும் இரண்டு வரிசை ஏற்றச் சொன்னார் முதலாளி. தாங்காது என்று காக்கா சொன்னார். அதை நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஏற்றச் சொல் என்றார். அதையும் நானே வந்து சொன்னேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சைக் கடத்துவதுதானே என் பிழைப்பு. மறுநாள் காலையில் அட்டி சரிந்து முனியசாமியின் முழங்காலின் மேல் விழுந்தது.

காக்காதான் அவரை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பு கூடினாலும் கால் பழையபடி வராது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்ததும் காக்கா முதலாளியைப் பார்த்து, முனியசாமிக்கு உட்கார்ந்து சாக்குத் தைக்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டார். "கால் போனவனுக்கெல்லாம் வேலை குடுக்க நான் சத்திரமா கட்டி வச்சிருக்கேன்? அவனைப் போகச் சொல்லு. நாளையில இருந்து வேற ஆளு வரும்" என்றார் முதலாளி. அப்போது நான் என் மேசையில்தான் இருந்தேன். காக்கா வெளியே வந்து பூவரச மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சங்கம் என்ற பேச்சு அங்கே பிறந்தது. ராமநாதபுரத்து வக்கீல் ஒருவரிடம் போய்க் கேட்டு வந்தார்கள். விதிகளை எழுதி, ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, பதிவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு காக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க கையால எழுதித் தரணும் கணக்கப்பிள்ளை."

"எனக்கெதுக்குக் காக்கா இந்த வம்பு?"

"வம்புதான். ஆனா எங்க முப்பது பேருல எழுதத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? நாலு பேரு பேரு எழுதுவான். மத்தவன் பெருவிரலை நீட்டுவான். அம்புட்டுத்தான்."

இரண்டு வரிசை ஏற்றச் சொன்ன வாய் என் வாய். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதினேன். நான் எழுதியது வெளியே தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுதினேன். யாரையும் நினைத்தபோது நிறுத்தக் கூடாது, வேலையில் அடிபட்டவரை ஏதாவது ஒரு வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும், இப்படி நாலைந்து விஷயம். காக்கா முதலில் ஒப்பமிட்டார். முனியசாமி கட்டிலில் படுத்தபடியே விரலை வைத்தார். ஏழு பேர் சேர்ந்தார்கள்.

தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் காக்கா ஒரு காரியம் செய்தார். இந்தக் கரையைச் சேர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். முதலாளிக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும் என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "காக்கா, இது என்ன கலியாணமா? சங்கம்! அவருக்கு எதிராகத்தானே ஆரம்பிக்கிறீர்கள்?"

"எதிரா எங்க ஆரம்பிக்கிறோம்? எங்களுக்காக ஆரம்பிக்கிறோம். ஒரு நல்ல காரியம்னா சம்பந்தப்பட்டவுகளுக்கு வெத்தலை பாக்கு வச்சுச் சொல்றதுதானே மொறை? ஒளிச்சு ஒளிச்சுச் செய்ய நாம என்ன கள்ளத்தோணியா விடுறோம்?"

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி என்னையே ஒரு நகல் எழுதச் சொன்னார். எனக்கு இருப்பது ஒரே கையெழுத்து. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதன் மேல் அந்தத் தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆறு பேர் போய் முதலாளி முன்னால் வைத்தார்கள். முனியசாமியால் வர முடியவில்லை. முதலாளி வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாளைப் பிரித்துப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கண் தாளைவிட்டு எழுந்து நேராக என் மேசைக்கு வந்தது. பதினோரு வருஷமாக அந்த எழுத்தைத் தினமும் படித்தவர் அவர். "சந்தோஷம். போயி வேலையப் பாருங்க" என்று அவர்களிடம் சொன்னார். காக்கா என் பக்கமாக வந்து, "பாத்தீகளா? மனுசன் வெத்தலையை எடுத்துக்கிட்டாருல்ல" என்றார். நான் பேரேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கிட்டங்கி வாசலுக்கு எதிரே ரயில்வே வேகன் வந்து நின்றிருந்தது. உச்சிப்பொழுதில் இன்ஜின் வந்து இழுத்துப் போவதற்குள் உப்பு ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் சரக்குத் தவறி, மதுரை வியாபாரிக்குக் கொடுத்த வாக்கும் தவறும். முப்பது பேரும் வந்திருந்தார்கள். முனியசாமி காலில் மூங்கில் பத்தைக் கட்டோடு மாட்டுவண்டியில் வந்து பூவரசடியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். முதலாளி தம் மச்சினரோடு படியில் நின்றார்.

"சங்கம் வேணும்கிறவன் இப்பவே போயிரலாம். முனியசாமிக்காகப் பொலம்புறவனும் கூடவே போகலாம். வேலை வேணும்கிறவன் குனி. யாரு யாருன்னு பாத்துக்கிறேன்" என்றார்.

 பிறகு காக்கா கொங்காணியை எடுத்துத் தலையில் மாட்டினார். குனிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவுதானா, தட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது இதற்குத்தானா என்று மனசுக்குள் ஏசினேன். அவரைப் பார்த்து அடுத்தவர் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். கடைசியில் முப்பது முதுகும் குனிந்துவிட்டன. முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

"ம், அப்படி வாங்க வழிக்கு. தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"ஏலே, தூக்குங்கன்னு சொல்றேன்ல?"

ஒரு கொங்காணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யாரைத் தூக்கச் சொல்றீக மொதலாளி? குனியச் சொன்னீக, குனிஞ்சிருக்கோம்."

"ஏலே, நீ நிமிருடா. நிமிந்து தூக்கு."

"நிமிந்தா வேலை வேணாம்னு ஆயிருமே மொதலாளி."

எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கேட்டது. முப்பது பேரும் சுமக்கத் தயாராக நிற்கிறார்கள், ஏற்றிவிட ஆளில்லை. வேலை செய்ய மறுத்தார்கள் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. பின்னாளில் நான் காக்காவிடம், முன்கூட்டியே பேசி வைத்துச் செய்தீர்களா என்று கேட்டேன். "பேசவும் இல்லை, கீசவும் இல்லை. நான் நெசமாவே பயந்துதான் குனிஞ்சேன். வீட்டுல நாலு வயிறு இருக்கே. செத்த நேரம் கழிச்சு ஓரக்கண்ணால பாத்தா எல்லாப் பயலும் குனிஞ்சிருக்கான். அப்பத்தான் தெரிஞ்சது, அட, தூக்க ஆளைக் காணோமேன்னு" என்றார். இதை எழுதுவதால் அவர் பெருமை குறையும் என்று சங்கத்தில் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்துக் காட்டினார்.  மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "நீயும் மச்சினரும் ஒரு மூட்டையத் தூக்கி அந்தக் காதர் முதுகுல வையுங்க. ஒண்ணு நகந்தா எல்லாம் நகரும்" என்றார்.

என் தாய்க்கு உடம்பு சரியில்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. பயம்தான். தூக்கினேன். அதற்கு முன்னால் என் ஆயுசில் ஒரு மூட்டையைத் தொட்டதில்லை. ஈரச் சாக்கு கையில் நழுவியது. மச்சினருக்கும் பழக்கமில்லை. எப்படியோ ஏற்றிவிட்டோம். காக்கா "பிஸ்மில்லா" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "எடப்பக்கம் சாஞ்சிருக்கு கணக்கப்பிள்ளை. பரவாயில்லை" என்றார். வேகனுக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறிக் கதவோரம் போய் நின்றார்.

அங்கே வாங்கி இறக்க யாரும் இல்லை. நான் இரண்டடி எடுத்து வைத்தேன். முதலாளி, "நீ நில்லு" என்றார். நின்றுவிட்டேன். மச்சினரும் நின்றார்.

"போடுடா கீழ" என்று காக்காவைப் பார்த்துச் சத்தம் போட்டார் முதலாளி.

"போட மாட்டேன் மொதலாளி. சாக்கு கிழிஞ்சு உப்பு கொட்டுனா வேணும்னு செஞ்சேம்பீக. ஏத்துன கை வந்து எறக்கட்டும்."

"எம்புட்டு நேரந்தான் நீ நிக்கிறேன்னு பாப்போம்."

குனிந்திருந்தவர்களில் காக்காவின் கூட்டாளிகள் இருவர் நிமிரப் பார்த்தார்கள். காக்கா அங்கிருந்தே, "எந்திரிக்காதீக, அப்படியே இருங்க" என்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் கழுத்து வழியாக வடிந்து மார்பில் இறங்கியது. வெயில் பலகையின் பாதியிலிருந்து அவர் காலுக்கு வந்தது. முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அப்போது அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். வேலைக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார்: "ஏத்துனது நீங்கதானே கணக்கப்பிள்ளை? வாங்க. பயப்படாம வாங்க. வலக்கையை அடியில குடுத்து, எடப்பக்கத்தைத் தாங்குனாப் போதும்."

பலகையின் அடிக்கும் எனக்கும் பத்தடி தூரம். நான் போகவில்லை.

பூவரசடியிலிருந்து முனியசாமி, "யாராச்சும் எறக்கித் தொலைங்கய்யா! மனுசன் செத்துருவாரு!" என்று அலறினார். காக்காவின் முழங்கால் மடங்கியது. கூட்டாளிகள் இருவரும் கொங்காணியை வீசிவிட்டு ஓடினார்கள். ஏற்றியவர்கள் அவர்கள் இல்லையே. காக்கா என்னிடம் சொன்னது கொங்காணிக்குள் இருந்த அவர்கள் காதில் ஏறவில்லை, பாரம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் கை கொடுத்தார்கள். மூட்டை இடப்பக்கமாகப் புரண்டு அவர் கழுத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. மடக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சுள்ளி ஒடிந்த மாதிரி.

அதற்கு மேல் யாரும் குனியவில்லை. எல்லாரும் நிமிர்ந்து அவரைச் சுற்றி நின்றார்கள். உச்சிப்பொழுதுக்கு இன்ஜின் வந்தது. காலி வேகனை இழுத்துக்கொண்டு போனது. சாயங்காலம் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, முனியசாமி சாக்குத் தைக்க வரலாம், தாளை எங்கே வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். முதலாளியிடம் பேசி அழுது அதற்குச் சம்மதிக்க வைத்தவர் அந்த மச்சினர் என்று பிறகு தெரிந்தது. மூட்டைக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவரும் கை கொடுத்தோம். அவர் போய்ப் பேசியிருக்கிறார். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

காக்காவின் கழுத்து அதற்குப் பிறகு நிமிரவில்லை. இடத்தோளைப் பார்த்துச் சாய்ந்தே இருந்தது. நாட்டு வைத்தியர் எண்ணெய் போட்டுப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மூட்டை சுமக்க முடியவில்லை. ஆனால் சங்கத்தின் இரண்டாவது விதி இருந்ததே, அதனால் கிட்டங்கிக் காவல் வேலை கிடைத்தது. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் தினமும் காலையில் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "என்ன காக்கா, எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. திரும்பாமலே கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்ல" என்பார். என்னிடம் மட்டும் வேறு பேச்சு. "கணக்கப்பிள்ளை, ஒரு எறக்கு பாக்கி இருக்கு. மறந்துறாதீக" என்று சிரிப்பார். அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். சத்தியமாகக் கேலிதான். நான்தான் ஒவ்வொரு தடவையும் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விடுவேன்.

சங்கம் பதிவான தாள் சில மாதம் கழித்து வந்தது. காக்கா அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்தேன். ஏழு பேருடைய பெயரையும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஒங்க பேரு எங்கன இருக்கு?"

"என் பேர் இல்லை காக்கா."

"எழுதுனவுக பேரு இல்லாம என்ன தாளு? சரி, அடுத்த தாளுல போட்டுக்கிருவோம்."

அடுத்த தாள்கள் எத்தனையோ வந்தன. மனுக்கள், நோட்டீசுகள், வருஷக் கூட்டத்து அறிக்கைகள், எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. ஒன்றிலும் என் பெயர் இல்லை. முதலாளிக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்க முயன்றேன். போன வருஷம் பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். "காக்கா, அன்றைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் சாய்ந்த கழுத்தோடு என் வட்டிலைப் பார்த்தார். "மொதல்ல சாப்புடுங்க. வாயில வச்சுக்கிட்டுப் பேசுனா பொரை ஏறும்" என்றார். சாப்பிட்டேன். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. போக விட்டேன். இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்று ரயிலடியிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். குளிப்பாட்டியவர்களில் ஒருவர், கழுத்து மட்டும் நேராக வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொழுகைக்குக் கொண்டுபோக, அவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கிட்டங்கி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அதைச் சுற்றித் தோளைக் கொடுத்துக் குனிந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழக்க தோஷம், எல்லாருமே சுமக்கத்தான் நின்றார்கள். ஏற்றிவிட ஆளில்லை.

முனியசாமியால் அந்தக் காலை வைத்துக்கொண்டு சுமக்க முடியாது. சந்தூக்கின் தலைமாட்டில் ஒரு பக்கம் அவர் போய் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாங்க கணக்கப்பிள்ளை" என்றார். காக்காவின் மகன் விலகி எனக்கு வழிவிட்டார். குடையைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். இருவரும் தூக்கி அவர்கள் தோளில் ஏற்றினோம். கனமில்லை. ஆனால் தலைமாட்டில் இடப்பக்கம் ஒரு சாய்வு இருப்பது என் கைக்குத் தெரிந்தது.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து மையவாடிக்குப் புறப்பட்டதும் நானும் முனியசாமியும் கூட்டத்தைத் தாண்டி முன்னே போனோம். அவர் நொண்டி நொண்டி ஓடினார். நான் இந்த வயதில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினேன். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். வெட்டி வைத்த குழிக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டோம். வருவதற்குள் ஒரு பீடி குடிக்கலாமா என்று முனியசாமி கேட்டார். வேண்டாம் என்றேன். சந்தூக்கு வந்தது. முனியசாமி வலப்பக்கம் நின்றார். நான் வலக்கையை அடியில் கொடுத்து இடப்பக்கத்தைத் தாங்கி வாங்கினேன். புரளவில்லை. அலுங்காமல் மணலில் வைத்தோம்.

பிறகு அவர் பிள்ளைகள் குழிக்குள் இறங்கி அவரை வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. மண் போடும்போது நானும் மூன்று கை அள்ளிப் போட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. காக்கா வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த என் குடையை முனியசாமி வாங்கி வந்து கையில் கொடுத்தார். அதை விரிக்காமல் வெயிலிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

இந்தக் கட்டுரையை அச்சாபீசில் கொடுக்கும்போது அடியில் என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலாளிக்கும் ஒரு பிரதி போகும். வெற்றிலை பாக்கு வைத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று முனியசாமியிடம் சொன்னேன். சிரித்தார். வேலை போனால் சாக்குத் தைக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காக்கா, ஏற்றிய கை வந்து இறக்கிவிட்டது. நீங்கள் நின்றுகொண்டிருந்த அன்றைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய்வாருங்கள்.